மலைத்தோட்டத்து டேட்டாவுக்கு என்எல்எம்இ போதுமா? பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பிவிடலாம். கிட்டக் கிட்ட எடுத்த அளவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், அந்த இடத் தொடர்பைக் கணக்கில் எடுத்து அலச எந்த மென்பொருள் என்பதுதான் கேள்வி. பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் எடுத்த அளவுகள் கையில் இருந்து, அவை விளைச்சல், எடை, மண்ணின் பிஹெச் மாதிரி தொடர் எண்களாக இருந்து, மொத்த வரிகள் சில நூறைத் தாண்டாமல் இருந்தால் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் பழைய என்எல்எம்இ தொகுப்பே போதும். புழு எத்தனை, நாற்று எத்தனை என்று எண்ணிய டேட்டா என்றால் ஆரின் ஜிஎல்எம்எம்டிஎம்பி அல்லது ஸ்பாஎம்எம் தொகுப்பு. ஆயிரக்கணக்கில் இடங்கள், நடுவில் ஒரு மலைமுகடு வேறு குறுக்கே கிடக்கிறது என்றால் இன்லா, ஆனால் அதற்கு நிறையப் பொறுமை வேண்டும். எஸ்ஏஎஸ் என்ற புள்ளியியல் மென்பொருளை ஏற்கெனவே வைத்திருக்கும் அலுவலகக்காரர்கள் அதன் ப்ராக் மிக்ஸ்ட் என்ற பகுதியிலேயே இதைச் செய்துகொள்ளலாம், நன்றாகவே செய்யும், ஆனால் இதற்காகக் காசு கொடுத்து வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி விவரம். நான் இருப்பது கோத்தகிரி. தோட்டக்கலை, வனவியல், மண்ணியல் படிக்கும் பிள்ளைகளும் ஓரிரு தோட்டக்காரர்களும் கொண்டுவரும் டேட்டாவை அலசிக் கொடுப்பது வேலை. வருவதில் பெரும்பாலானவை கேத்தி பள்ளத்தாக்கு, எம். பாலாடா பக்கத்துப் படிக்கட்டுத் தோட்டங்களில் எடுத்தவை: உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ். அடுத்தது தேயிலை. கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி அனோவா (சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டு, பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்துவிட்டது, வித்தியாசம் உண்மைதான் என்று சிரித்த முகத்தோடு வருவார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுப்பதுதான் இந்த மென்பொருட்களின் முதல் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் கெடுக்க வேண்டும்? ஒரு பாத்தியில் பத்து இடத்தில் மண் எடுத்தால் பத்து அளவு கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். அந்தப் பத்தும் தங்களுக்குள் 0.5 அளவுக்குத் தொடர்புள்ளவை என்றால், பாத்திகளுக்கு இடையே சராசரியை ஒப்பிடும்போது அவற்றின் உண்மையான கனம் பத்து இல்லை. பத்தை 1 + 9 × 0.5, அதாவது 5.5 ஆல் வகுத்துப் பாருங்கள், 1.8 வரும். இரண்டு மாதிரிகூடத் தேறவில்லை. சாதாரண அனோவாவுக்கு இது தெரியாது. பத்தையும் பத்தாகவே எண்ணி, ஸ்டாண்டர்ட் எர்ரரை (சராசரியின் பிழையளவை) சின்னதாக்கிக் காட்டி, இல்லாத வித்தியாசத்தை இருக்கிறது என்று சொல்லிவிடும். இடத்தால் வரும் இந்தத் தொடர்பை மாடலுக்குள் எழுதிவைக்கத்தான் கீழே பேசப்போகும் தொகுப்புகள் எல்லாம்.

என்எல்எம்இ பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இதற்கு மேல் தேவைப்படாது. ஹோசே பின்ஹெய்ரோவும் டக்ளஸ் பேட்ஸும் உருவாக்கியது. ஆரை நிறுவும்போதே கூடவே வந்துவிடுகிறது, தனியாக இறக்க வேண்டாம். மழைக்காலத்தில் எங்கள் ஊர் நெட்வொர்க்கை நம்பியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அதில் ஜிஎல்எஸ் என்ற ஃபங்ஷனுக்கு வழக்கமான ஃபார்முலாவைக் கொடுத்து, கோரிலேஷன் என்ற இடத்தில் எந்த வடிவம் வேண்டும் என்று சொன்னால் போதும். எக்ஸ்போனென்ஷியல், காஸியன், ஸ்பெரிக்கல், லீனியர், ரேஷனல் குவாட்ராடிக் என்று ஐந்து வடிவங்கள். எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு வளைவில் சொல்கின்றன: தூரம் கூடக் கூடத் தொடர்பு எப்படிக் குறைகிறது. ஐந்தையும் ஓட்டி ஏஐசி (மாடல்களை ஒப்பிட உதவும் எண்) எதில் குறைவோ அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒப்பிடும்போது ஃபிக்ஸ்ட் பகுதி (ரகம், உயரம் மாதிரி நாம் விளைவைக் கேட்கும் மாறிகள்) எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் சொல்லாவிட்டால் அது ஆர்இஎம்எல் என்ற மதிப்பீட்டு முறையில்தான் கணக்கிடும், ஃபிக்ஸ்ட் பகுதி மாறினால் அதில் ஏஐசியை ஒப்பிட முடியாது.

பழகுவதற்குச் சொந்த டேட்டா தேவையில்லை. தொகுப்போடு வீட்2 என்று ஒரு டேட்டா வருகிறது, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நடந்த கோதுமைச் சோதனை, 56 ரகம், 4 பிளாக் (பாத்திகளின் தொகுதி), மொத்தம் 224 பாத்தி. முதலில் இடத்தைப் பார்க்காமல் ரகத்தை மட்டும் வைத்து ஓட்டுங்கள், அப்புறம் ஸ்பெரிக்கல் போட்டு ஓட்டுங்கள், இரண்டு ஏஐசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஊர் உருளைக்கிழங்குக்கு வருமுன் இதில் அரை நாள் செலவழித்தால் நல்லது.

சரி, குறைகள். இதற்குத்தான் இவ்வளவு பேரும் வந்திருப்பீர்கள்.

ஒன்று, தொடக்க மதிப்பு. ரேஞ்சுக்கு (தொடர்பு எவ்வளவு தூரம் நீள்கிறது என்று சொல்லும் எண்) நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால், டேட்டாவில் மிகக் கிட்டத்தில் உள்ள இரண்டு புள்ளிகளின் தூரத்தில் 90 சதவீதத்தை எடுத்துக்கொண்டு அங்கிருந்து தேடத் தொடங்கும். நக்கெட்டுக்கு (ஒட்டிக்கிடக்கும் புள்ளிகளுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம்) 0.1. ஒரே படியில் அரை மீட்டர் தள்ளி இரண்டு மாதிரி எடுத்திருந்து, மற்றவை எல்லாம் இருபது முப்பது மீட்டர் தள்ளி இருந்தால், தேடல் அந்த அரை மீட்டர் பக்கத்திலேயே சுற்றிச்சுற்றி நின்றுவிடும், அல்லது ஃபால்ஸ் கன்வர்ஜென்ஸ் 8 என்று ஒரு செய்தியைக் கக்கிவிட்டு நிற்கும். முதலில் வேரியோகிராம் (தூரம் கூடக் கூட அளவுகளின் வித்தியாசம் எப்படி ஏறுகிறது என்று காட்டும் படம்) வரைந்து, வளைவு எங்கே தட்டையாகிறது என்று கண்ணால் பார்த்து, அந்தத் தூரத்தை ஒட்டி ஒரு எண்ணைத் தொடக்கமாகக் கொடுங்கள். அப்படியும் அடம்பிடித்தால் கன்ட்ரோலில் ஆப்டிமைசரை (தேடும் முறையை) ஆப்டிமுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

இரண்டு, வேலி. இது என்எல்எம்இயின் பெரிய தொல்லை, பலருக்குத் தெரியாமலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இதே தொகுப்பின் எல்எம்இ ஃபங்ஷனில் பிளாக்கை ரேண்டமாக (தற்செயலாக மாறும் குழுவாக) போட்டு, கூடவே இடத் தொடர்பையும் கேட்டால், அது அந்த பிளாக்குக்குள் மட்டும்தான் தொடர்பைக் கணக்கிடும். இரண்டாவது பிளாக்கின் கடைசிப் பாத்தியும் மூன்றாவது பிளாக்கின் முதல் பாத்தியும் நடுவில் ஒரே ஒரு வரப்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், மேல்படியில் இருந்து வடியும் ஒரே தண்ணீரைக் குடிக்கும், ஆனால் மாடலைப் பொறுத்தவரை ஒன்று ஊட்டியில் ஒன்று கொடைக்கானலில். குரூப்பை வேறு மாதிரி கொடுத்துப் பார்க்கலாம் என்றால் ரேண்டமிலும் கோரிலேஷனிலும் உள்ள குரூப்புகள் ஒத்துவரவில்லை என்று திட்டும். நான் செய்வது இதுதான்: ஜிஎல்எஸ்ஸுக்குப் போய், பிளாக்கை ஃபிக்ஸ்டாகப் போட்டு, கோரிலேஷனில் குரூப்பே கொடுக்காமல் மொத்தத் தோட்டத்தையும் ஒரே துண்டாக விடுவது. இடத் தொடர்பே நன்றாகப் பிடிபட்டுவிட்டால் பிளாக்குக்குப் பெரிய வேலை மிஞ்சாது, பல சமயம் எடுத்தே விடலாம்.

மூன்று, ஒரே இடத்தில் இரண்டு முறை. அதே பாத்தியில் இரண்டு சீசன் அளந்திருந்தால் தூரம் பூஜ்யமாகிவிடும், பூஜ்யத் தூரம் கூடாது என்று ஓடவே மறுக்கும். ஆயங்களை (இடத்தைச் சொல்லும் எக்ஸ், ஒய் எண்களை) ஒரு சென்டிமீட்டர் தள்ளிவைத்து ஏமாற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஓடும், ஆனால் இரண்டு வருடத்து விளைச்சலையும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நட்ட இரண்டு செடி மாதிரி பாவிக்கும். அதைவிட வருடத்தைக் குரூப்பாகக் கொடுத்து, ஒவ்வொரு வருடத்துக்குள்ளும் இடத் தொடர்பு, வருடங்களுக்கு நடுவில் இல்லை என்று வைப்பது நேர்மையானது. அதுவும் முழுசாகச் சரியில்லை, கல் பூமி அடுத்த வருடமும் கல் பூமிதான். அப்படிப்பட்ட டேட்டாவுக்கு என்எல்எம்இயை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நாலாவது, சரிபார்ப்பதில் வரும் குழப்பம். இடத் தொடர்பைச் சேர்த்து ஓட்டிவிட்டு, எச்சங்களை (அளந்ததுக்கும் மாடல் சொன்னதுக்கும் உள்ள வித்தியாசங்களை) எடுத்து மறுபடி வேரியோகிராம் போட்டால் பழையபடியே ஏறுகிறது, மாடல் வேலையே செய்யவில்லை என்று ஃபோன் வரும். வேலை செய்கிறது. சும்மா எச்சத்தைக் கேட்டால் அது தொடர்பை நீக்காமல்தான் கொடுக்கும். நார்மலைஸ்ட் என்று கேட்டு வாங்க வேண்டும். அதை வரைந்தால் கோடு கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டிருக்கும். இதே குழப்பம் எச்சங்களைச் சோதிக்கும் தர்மா தொகுப்பிலும் உண்டு (ஆமாம், பெயரே அதுதான், ஃப்ளோரியன் ஹார்டிக் எழுதியது). மாடலுக்குள் இடத் தொடர்பு இருக்கும்போது மோரன் சோதனை (இடத் தொடர்பு மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது) கேட்டால், எச்சத்தைச் சுழற்றிக் கொடு என்ற ஆப்ஷனைப் போடாவிட்டால் இன்னும் தொடர்பு இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இப்போது மலைக்கு வருவோம். மேலே சொன்னது எல்லாம் தஞ்சாவூர் வயலுக்கும் பொருந்தும். நீலகிரியில் வேறு தலைவலிகள் இருக்கின்றன, அவற்றை எந்த மென்பொருளும் தானாகத் தீர்க்காது.

தூரம் என்பதே இங்கே வில்லங்கம். முப்பது டிகிரி சரிவில் டேப் பிடித்துப் பத்து மீட்டர் அளந்தால் வரைபடத்தில் அது 8.66 மீட்டர்தான். டேப் அளவையும் ஜிபிஎஸ் அளவையும் ஒரே ஷீட்டில் கலந்து வைத்துவிட்டு ரேஞ்ச் எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். பாத்திகள் நாலு மீட்டர் இடைவெளியில் இருந்தால் நான் ஜிபிஎஸ்ஸை நம்ப மாட்டேன், கையில் வைத்திருக்கும் கருவியின் பிழையே அந்த அளவுக்கு இருக்கும், சோலை மரத்தடியில் இன்னும் மோசம். தோட்டத்தின் ஒரு மூலையைப் பூஜ்யமாக வைத்து, எந்தப் படி, படியில் எத்தனாவது மீட்டர் என்று நோட்டில் பென்சிலால் எழுதுங்கள் (பேனா வேண்டாம், மஞ்சுமூட்டத்தில் நோட்டு நனைந்தால் மை ஊறிவிடும்).

பெரிய பரப்பு என்றால் ஜிபிஎஸ்தான், அப்போது டிகிரியை மீட்டராக மாற்றாமல் மாடலுக்குள் விடாதீர்கள். நீலகிரியும் பழனி மலையும் யுடிஎம் (மீட்டரில் இடம் சொல்லும் வரைபட முறை) 43 வடக்கு மண்டலத்துக்குள் வருகின்றன, 32643 என்ற எண்ணைக் கொடுத்தால் ஆரின் எஸ்எஃப் தொகுப்பும் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளும் மாற்றிக் கொடுத்துவிடும். உண்மையில் நம் அட்சரேகையில் டிகிரியால் வரும் கோணல் ரொம்பக் குறைவு. ஊட்டி இருப்பது சுமார் 11.4 டிகிரி வடக்கில், அங்கே கிழக்கு மேற்காக ஒரு டிகிரி, வடக்கு தெற்காக ஒரு டிகிரியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் குட்டை. காஷ்மீரில் என்றால் பதினேழு சதவீதம் வரை போகும். நமக்குச் சிக்கல் எண் ரொம்பப் பொடிசாகிவிடுவதுதான்: நூறு மீட்டர் என்பது 0.0009 என்று உள்ளே போகும், ஆப்டிமைசர் திணறும், வெளியே வரும் ரேஞ்சைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியாது.

அடுத்தது திசை. படிக்கட்டுத் தோட்டத்தில் ஒரே படியில் பத்து மீட்டர் நடந்தால் மண் மாறாது. அதே பத்து மீட்டரைக் கீழ்நோக்கி இறங்கினால் நாலைந்து படி தாண்டிவிடும், மண்ணின் ஆழம், ஈரம், மேலிருந்து அடித்துக்கொண்டு வந்த வண்டல் எல்லாமே வேறு. அதாவது தொடர்பு சமமட்டக் கோட்டின் வழியே நீளமாகவும் சரிவின் வழியே குட்டையாகவும் இருக்கும். என்எல்எம்இக்கு இது புரியாது, எல்லாத் திசையும் அதற்கு ஒன்றுதான். எட்ஸர் பெபெஸ்மா எழுதிய ஜிஸ்டாட் தொகுப்பில் திசைவாரியாக வேரியோகிராம் போடலாம், 0, 45, 90, 135 என்று கோணம் கொடுத்தால் நாலு படம் வரும். அதைப் பார்த்து விகிதத்தைக் கண்டுபிடித்து, சரிவுத் திசை ஆயத்தை அந்த விகிதத்தால் பெருக்கி நீட்டிவிட்டு, அப்புறம் என்எல்எம்இக்குக் கொடுங்கள். சுற்றுவழிதான், ஆனால் வேலை செய்கிறது. ஜிஸ்டாட்டில் ஒன்று கவனியுங்கள்: நீங்கள் சொல்லாவிட்டால் பரப்பின் மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் வரைதான் பார்க்கும், அதைப் பதினைந்து துண்டாக வெட்டும். நீளமாகவும் ஒடுக்கமாகவும் கிடக்கும் நம் தோட்டங்களுக்கு இந்த வெட்டு பல சமயம் பொருந்தாது, நீங்களே அகலம் கொடுங்கள்.

வேரியோகிராம் தட்டையாகாமல் ஏறிக்கொண்டே போனால் அது இடத் தொடர்பு என்பதைவிட, நீங்கள் எடுத்துப்போடாத ஒரு போக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். கேத்தியில் ஒரு தோட்டத்தில் படுகர் பெரியவர் ஒருவர், நாங்கள் பாத்தி பாத்தியாகக் குறித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, அந்த மேல் ஓரம் எப்பவும் அப்படித்தான், கல்லு பூமி. அதைப் போய் ரக வித்தியாசம்னு எழுதிடாதே.” அவர் சொன்னதை உயரம் என்ற ஒரு மாறியாக ஃபிக்ஸ்டில் போட்டேன். வேரியோகிராமின் ஏற்றம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. மிச்சம் இருந்ததைத்தான் எக்ஸ்போனென்ஷியலுக்குக் கொடுத்தேன். முதலில் தெரிந்ததை எல்லாம் மாடலில் எழுதுங்கள், தெரியாததை மட்டும் கோரிலேஷனிடம் விடுங்கள்.

உறைபனி டேட்டா இன்னும் வேடிக்கை. டிசம்பர், ஜனவரியில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் போய்த் தேங்கும், தலைகுந்தா மாதிரி தாழ்ந்த இடங்களில் புல் வெள்ளையாகக் கிடக்கும்போது பக்கத்து மேட்டில் ஒன்றும் இருக்காது. இரண்டு பள்ளங்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், பள்ளமும் பக்கத்து மேடும் கிட்டத்தில் இருந்தும் நடந்துகொள்ளாது. கோரிலேஷன் ஃபார்முலாவில் எக்ஸ், ஒய் கூடவே உயரத்தையும் மூன்றாவது ஆயமாகக் கொடுக்க என்எல்எம்இ அனுமதிக்கும், ஆனால் பத்து மீட்டர் உயரம் எத்தனை மீட்டர் கிடைத் தூரத்துக்குச் சமம் என்று நீங்கள்தான் தீர்மானித்துப் பெருக்க வேண்டும்.

மழை அதற்கும் மேல். 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 820 மில்லிமீட்டர் பதிவானது, நினைவிருக்கும். மேற்குப் பக்கம் கூடலூர், தேவாலா, அவலாஞ்சி எல்லாம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும். கிழக்குச் சரிவில் எங்களுக்கும் குன்னூருக்கும் வடகிழக்குதான் முக்கியம். நடுவில் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். இந்த மலைக்கு இரண்டு பக்கத்திலும் உள்ள மழைமானிகளை நேர்கோட்டுத் தூரத்தால் இணைத்து ஒரே ரேஞ்ச் கேட்டால் மென்பொருள் மறுக்காமல் ஒரு எண் கொடுக்கும். அது எந்தப் பக்கத்து மழைக்கும் பொருந்தாது.

எண்ணிக்கை டேட்டாவுக்குப் போகலாம். உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழுவை இந்தியாவில் முதன்முதலில் கண்டதே எங்கள் நீலகிரியில்தான், 1961இல். இன்றைக்கும் மண் மாதிரி எடுத்து, கழுவி, சலித்து, மைக்ராஸ்கோப்பில் கூடுகளை எண்ணுகிறார்கள். பெரும்பாலான மாதிரியில் பூஜ்யம், சில இடத்தில் திடீரென்று குவியல். புழு தானாக நகர்வது ரொம்பக் கொஞ்சம், மண்வெட்டியிலும் செருப்பிலும் விதைக்கிழங்கிலும் ஒட்டிக்கொண்டுதான் பரவும், அதனால் திட்டுத்திட்டாக இருக்கும். இதை ஜிஎல்எஸ்ஸில் லாக் எடுத்துப் போடுவது பழைய வழக்கம். பூஜ்யங்கள் இவ்வளவு இருக்கும்போது எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜிஎல்எம்எம்டிஎம்பியில் நெகட்டிவ் பைனாமியல் (குவியலாக வரும் எண்ணிக்கைக்கான பரவல்) போட்டு, கூடவே இடத் தொடர்பையும் வைக்கலாம். எழுதும் முறை கொஞ்சம் விசித்திரம். ஆயங்களை நம்ஃபேக்டர் என்ற ஃபங்ஷனில் போட்டு ஒரு ஃபேக்டராக மாற்ற வேண்டும், எல்லா வரிக்கும் ஒரே மதிப்புள்ள ஒரு பொம்மைக் குரூப் உண்டாக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து எக்ஸ்ப் என்ற அடைப்புக்குள் எழுத வேண்டும். நன்மை என்னவென்றால் என்எல்எம்இயின் வேலி இங்கே கிடையாது, பிளாக் ரேண்டமாகத் தனியே நிற்கும், இடத் தொடர்பு மொத்தத் தோட்டத்துக்கும் பரவும். ஒரே இடத்தில் இரண்டு முறை அளந்ததும் பிரச்சினை இல்லை. தீமை, வெளியே வரும் சம்மரி. நான் பயன்படுத்தும் பதிப்பில் ரேஞ்ச் என்று ஒரு எண் நேராக வருவதில்லை, தீட்டா என்று உள்ளே கிடக்கும் எண்ணைத் தோண்டி எடுத்து, லாக்கைத் திருப்பினால்தான் கிடைக்கிறது. வழிகாட்டிக் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஸ்பாஎம்எம் எனக்கு ஜிஎல்எம்எம்டிஎம்பியைவிடப் பிடிக்கும், ஆனால் நம் ஆட்களில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஃப்ரான்ஸ்வா ரூஸே எழுதியது. ஃபார்முலாவிலேயே மட்டேர்ன் என்று தொடர்பு வளைவின் பெயரை எழுதி ஆயங்களைக் கொடுத்துவிடலாம், பொம்மைக் குரூப் எல்லாம் வேண்டாம். டிகிரியிலேயே விட்டுவிட்டுப் பூமிக் கோளத் தூரத்தை எடுத்துக்கொள் என்று சொல்லவும் வழி இருக்கிறது. வனவியல் படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: பெர்டில் மட்டேர்ன் ஸ்வீடன்காரர், காட்டுக் கணக்கெடுப்பில் இருந்து பிறந்ததுதான் அவருடைய 1960 ஆய்வேடும் இந்த வளைவும். இதில் வழுவழுப்பைச் சொல்லும் ந்யூ என்று கூடுதலாக ஓர் எண் உண்டு. அதையும் டேட்டாவிலிருந்தே கண்டுபிடி என்று விட்டால் நம்முடைய சின்ன டேட்டாவில் தலைகால் புரியாமல் அலையும். 0.5 என்று கட்டிவைத்தால் அது எக்ஸ்போனென்ஷியலேதான். ரோ என்று அது தரும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது ரேஞ்சின் தலைகீழ், பெரிதானால் தொடர்பு சுருங்குகிறது என்று அர்த்தம்.

ரேஞ்ச் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்போனென்ஷியலில் ரேஞ்ச் 20 மீட்டர் என்றால் இருபதாவது மீட்டரில் தொடர்பு 0.37 இன்னும் இருக்கிறது, அறுபதில்தான் 0.05க்கு இறங்கும். ஸ்பெரிக்கலில் 20 என்றால் இருபதில் சுத்தமாகப் பூஜ்யம். இந்தக் கணக்கில் நக்கெட் சேர்க்கவில்லை. ஆகவே இரண்டு ஆய்வேட்டு ரேஞ்சுகளை அப்படியே பக்கத்தில் வைத்து “அவர்களுக்கு எங்களைவிடக் குறைவு” என்று எழுதுவதில் பொருளில்லை.

எம்ஜிசிவி, சைமன் வுட்டுடையது, இதுவும் ஆரோடு கூடவே வருவது. இடத்தை ஒரு வழுவழுப்பான பரப்பாகவே வரைந்துவிடும். வேகம் அபாரம், என்எல்எம்இ மூச்சுமுட்டும் இடத்தில் இது சிரித்துக்கொண்டு ஓடும். ஜிஎல்எஸ்ஸில் வரிகள் இரட்டிப்பானால் நேரம் ஏறத்தாழ எட்டு மடங்கு, அதனால் இரண்டாயிரம் மூவாயிரம் வரி என்றால் இங்கே வந்துவிடுவது புத்திசாலித்தனம். ஒரே பயம், நீங்கள் ஃபிக்ஸ்டில் போட்ட உயரத்தின் வேலையை அந்தப் பரப்பு தின்றுவிடும். நம் ஊரில் இடம் மாறினாலே உயரம் மாறும், இரண்டையும் பிரிப்பது கஷ்டம். உயரத்தின் விளைவுதான் உங்கள் கேள்வியே என்றால் பரப்போடும் பரப்பில்லாமலும் ஓட்டி இரண்டையும் காட்டுங்கள். இது மற்ற தொகுப்புகளுக்கும் உள்ள சிக்கல்தான், இதில் கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறது.

இன்லா பற்றிச் சுருக்கமாக. 2009இல் ஹோவார்ட் ரூவும் கூட்டாளிகளும் கொண்டுவந்த முறை, 2011இல் முக்கோண வலைப்பின்னலோடு இடத் தொடர்புக்கு வந்தது. மழைமானி கதைக்கு இதில் பதில் உண்டு: குறுக்கே ஒரு தடை இருக்கிறது, தொடர்பு அதைத் தாண்டாமல் சுற்றிப் போகட்டும் என்று சொல்லும் மாடல். கடற்கரைக்காக யோசித்தது, முகடுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் வழக்கமான ஆர் கிடங்கில் கிடைக்காது, அவர்கள் தளத்திலிருந்து இறக்க வேண்டும், வலைப்பின்னல் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும், டேட்டாவைப் பார்க்கும் முன்பே கொடுக்கும் ஊகங்களை (ப்ரையர்களை) எப்படி வைக்க வேண்டும் என்று ஆயிரம் கேள்வி. முதுகலை ஆய்வேட்டுக்கு மூன்று மாதம் இருக்கும்போது தொடங்காதீர்கள். எல்எம்இ4 என்ற ஆர் தொகுப்பு பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள், அதில் இந்த வசதியே கிடையாது, அங்கே தேட வேண்டாம்.

எந்த மென்பொருளாலும் முடியாத ஒன்று, எடுக்காத மாதிரியிலிருந்து தொடர்பைக் கண்டுபிடிப்பது. எல்லாப் புள்ளியும் முப்பது மீட்டர் இடைவெளியில் அழகாகக் கட்டம் கட்டி எடுத்து வருகிறார்கள், உண்மையான தொடர்பு பத்து மீட்டரோடு முடிந்திருந்தால் அதைப் பார்க்கவே வழியில்லை. ரேஞ்சுக்கும் நக்கெட்டுக்கும் நம்பக எல்லை (கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்) கேட்கும்போது வேரியன்ஸ் மேட்ரிக்ஸ் சரியில்லை என்று என்எல்எம்இ கைவிரித்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். கட்டம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கூடவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர், மூன்று மீட்டர் தள்ளி இன்னொரு மாதிரி எடுத்துவிடுங்கள். ஆள் கூலி கொஞ்சம் கூடும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: என்எல்எம்இ ஐந்துக்கு நாலு, வேலிக்காகவும் திசை தெரியாததற்காகவும் ஒன்று குறைத்தேன். ஸ்பாஎம்எம் நாலரை. ஜிஎல்எம்எம்டிஎம்பி நாலு, சம்மரியைச் சரிசெய்தால் ஏற்றிப்போடுவேன். எம்ஜிசிவி நாலு. இன்லாவுக்கு மதிப்பெண் போடும் அளவுக்கு எனக்கு அதில் கை பழகவில்லை.

எழுதும்போது எந்தத் தொகுப்பு, எந்தப் பதிப்பு, எந்த வடிவம், நக்கெட் வைத்தீர்களா, ஆர்இஎம்எல்லா எம்எல்லா, ரேஞ்ச் எத்தனை மீட்டர் என்று எல்லாம் போடுங்கள். மீட்டர் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். போன மாதம் என்னிடம் வந்த ஓர் அத்தியாயத்தில் “ரேஞ்ச் 0.002” என்று மட்டும் இருந்தது, அது டிகிரி, அதாவது இருநூற்று இருபது மீட்டர் சுமார், தோட்டத்தின் மொத்த நீளமே அதில் பாதி இருக்காது.